நேர்ந்துவிட்ட கட்டைவிரல்

மூன்றாவது பேஸ் கிட்டாரை மடியில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குகன் முன்னால் பல்லை இளிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். முதலாவது ஐந்து கம்பி; தோளில் மாட்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். இரண்டாவது பார்க்க அழகு, கறுப்புப் பளபளப்பு. ஆனால் கம்பிகள் ஒன்றோடொன்று நெருக்கம், ஒன்றைத் தட்டினால் அடுத்த கம்பியும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி எட்டிப் பார்த்தது. இது பழசு. யாரோ விற்றுவிட்டுப் போனது. நான்கு கம்பி, வெளிர்மஞ்சள் மரக் கழுத்து, முதுகில் பெல்ட் உரசிய கோடுகள். கம்பிகள் கழுத்தை ஒட்டித் தாழ்வாக ஓடின. கழுத்து முடியும் இடத்தில் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினேன். ஒலி கீழே இறங்கும்போதே மேலே ஓர் உலோகக் கடி வந்தது. பர்மா ரோடு கடையின் கண்ணாடிக் கதவு லேசாக அதிர்ந்தது.

"இதான் அண்ணே," என்றான் குகன். அந்தக் கடையில் வேலை செய்கிறவன், வார இறுதிகளில் எங்கோ டிரம்ஸ் வாசிப்பவன். "புது ஸ்டீல் கம்பி போட்டுத் தர்றேன். பழைய கம்பில கட்டைவிரல்ல தட்டி ஸ்லாப் அடிச்சா சத்தம் செத்துரும்லா."

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும் குழுவில் இடம் காலியாகப் போகிறது என்று என்னிடம் சொன்னவனும் அவன்தான். அங்கே பேஸ் வாசித்தவர் ஜொகூருக்குப் போகிறார். குழுவை நடத்தும் இமான் அண்ணன் நான் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசித்ததைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, "தாளம் கல்லு மாதிரி நிக்குது தம்பி. ஆனா நாங்க அடிக்கிறது ஃபங்க். கட்டைவிரல்ல தட்டத் தெரியணும். மூணு மாசம் டைம். உன் சொந்த பேஸோட வா" என்றார். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி. பாயான் லெபாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் வெள்ளை முகமூடிக்குள் மூச்சுவிட்டபடி நுண்ணோக்கியில் கணினிச் சில்லுகளைப் பார்த்துத் தள்ளுகிறவனுக்கு, முப்பத்தொரு வயதில் இப்படி ஒரு தேதி கிடைப்பது சாதாரணமல்ல. அந்தத் தேதியை யாரிடமும் சொல்லாமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் என்றால் அம்மாவிடம். அதற்குக் காரணம் என் வலது கட்டைவிரல்.

ஒன்பது வயதில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கீழே அப்பா மோட்டார்சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஓடும் சங்கிலியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று கையை வைத்தேன். விரலை எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அம்மா நடைபாதையில் முட்டிபோட்டு, புக்கிட் மெர்தாஜாம் ஆலயத்துப் புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டாள். இந்தக் கை பிழைத்தால் இது ஆண்டவருக்கு மட்டும். பிழைத்தது. நுனி தட்டையாகி, நகம் கோணலாக வளர்ந்தது, அவ்வளவுதான். பதினொரு வயதில் என்னைப் பாடகர் குழுவில் கொண்டுபோய் விட்டாள். கிட்டாருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் யாரும் தொடாத பேஸ் எனக்கு வந்தது. நேர்ந்துவிட்ட ஆடு மாதிரிதான். எங்கள் கோயிலில் ஆடு வெட்டுவதில்லை, அதனால் நான் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தேன். கோயில் பேஸின் கம்பிகளை மாற்றி எத்தனை வருடமோ தெரியாது. அதற்குள் பங்குத் தந்தையர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இதில் வேடிக்கை, கோயில் பாட்டுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். கட்டைவிரல் சும்மா சாய்ந்து கிடக்கும். ஆண்டவருக்கென்று நேர்ந்த விரலை ஆண்டவரே இருபது வருடமாகப் பயன்படுத்தவில்லை.

இதையெல்லாம் உதறிவிட்டுப் போவதற்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை போனேன். இருபத்திரண்டு வயதில், நிபோங் திபாலில் ஒரு கல்யாண விருந்தில் வாசித்தேன். அம்மா திட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் மழையில் என் மோட்டார்சைக்கிள் வழுக்கியது. காயம் ஒன்றும் பெரிதில்லை, வலது கையில் நான்கு தையல். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேர்ச்சையில் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். நம்பிக்கை இல்லைதான். பயம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

பேஸ் வீட்டுக்கு வந்த அன்று அம்மா பையைத் தடவிப் பார்த்து, "கோயிலுக்கா?" என்றாள்.

"ம். திருவிழாவுக்குப் புதுப் பாட்டு."

ஒரே ஒரு "ம்"தான். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர் என்பதால் இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

குகன் எனக்குப் பாட்டுப் பட்டியல் ஒன்று அனுப்பினான். எல்லாம் எழுபதுகளின் அமெரிக்கக் கறுப்பினக் குழுக்கள். முதலில் மெதுவானவை, வேகமானவற்றை இரண்டு மாதம் தொடவே கூடாது என்று எச்சரிக்கை. முதல் மாதம் கட்டைவிரல் மட்டும். "அழுத்தாதீங்க அண்ணே. சூடான தோசைக்கல்ல தொட்ட மாதிரி பட்டதும் வந்துரணும்." இரண்டாம் மாதம் ஆள்காட்டி விரலால் மேல்கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து விடுவது. அதற்குப் பிறகுதான் இடது கையால் கம்பியை அமுக்கிச் சுரமே இல்லாமல் வெறும் தட்டல் ஒலியாக எடுப்பது. நான் வேலை முடிந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தட்டுவேன். அந்தப் பாட்டுகள் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. கோயில் பாட்டு எங்கேயாவது கிளம்பி எங்கேயாவது போய்ச் சேரும். இவை ஐந்து நிமிடமும் ஒரே சுரக்கட்டில் நிற்கின்றன, நகர்வதே இல்லை. பிறகு ஒருநாள் தொழிற்சாலை பேருந்தில் கேட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. நகர இடமில்லாதவன் நிற்கிற இடத்திலேயே துள்ளுகிறான். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் உள்ள இத்தனூண்டு இடத்தில் அவனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பேருந்தில் எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த நேப்பாளித் தொழிலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவுக்குக் கேட்டது இசையல்ல, கம்பி மரத்தில் படும் டக் டக் மட்டும். "என்ன பாட்டுடா இது, கதவு தட்டுற மாதிரி?" என்று ஒரு தடவை கேட்டாள். "தாளம் பழகுறேன்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பங்குத் திருவிழா, நான் மடித்து வைத்திருந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு. எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடோ, காரோ, தையல் மெஷினோ, புதிதாக எது வாங்கினாலும் ஃபாதரிடம் கொண்டுபோய் மந்திரித்துவிடுவார்கள். "உன் கிட்டாரையும் மந்திரிச்சுரலாம்," என்றாள் அம்மா. "காணிக்கைப் பவனில கொண்டு வா. நான் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்." எனக்கு அதில் ஓர் அற்பக் கணக்கு இருந்தது. தீர்த்தம் தெளித்த பேஸோடு பத்து ஃபெரிங்கி போனால் அந்தப் பழைய பயம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். சரி என்றேன்.

பழத்தட்டு, அப்பம், திராட்சை ரசம், பூக்கூடை, அவற்றுக்குப் பின்னால் நான். அம்மா பட்டுச்சேலையில் என் பக்கத்தில் நடந்தாள். பீடத்தின் முன் பேஸை இரண்டு கையிலும் ஏந்தி நின்றேன். புது ஃபாதர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புன்னகையோடு அதை என்னிடமிருந்து வாங்கினார். தீர்த்தம் தெளித்தார். திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். அவர் அதைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் பீடத்தில் சாய்த்துவைத்துவிட்டு மைக்குக்கு வந்தார். "அன்னமேரியும் அவருடைய மகன் டெஸ்மண்டும் தங்கள் நேர்ச்சையாக இந்த இசைக்கருவியை நம் ஆலயத்துக்குக் காணிக்கை கொடுத்திருக்கிறார்கள்." கோயில் முழுக்கக் கைதட்டியது. என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த யாரோ அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள்.

பூசைக்குப் பிறகு ஃபாதரிடம் போய் இது என்னுடையது, காணிக்கை இல்லை என்று சொல்லியிருக்கலாம். வார்த்தைகளைக்கூடத் தயார் செய்தேன். அதற்குள் ஐம்பது பேர் வந்து வாழ்த்திவிட்டார்கள். பீடத்தில் வைத்ததை எவன் திருப்பிக் கேட்பான்? செய்தியைக் கேட்ட குகன், "கடைல அந்தக் கறுப்பு இருக்கு அண்ணே, ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றான். புதன்கிழமை போய் வாசித்துப் பார்த்தேன். மூன்று மாதமாக ஒரு கழுத்தில் பழகிய விரல் இங்கே ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கம்பியில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு இமான் அண்ணன் முன்னால் போய் நிற்பதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மா கோயிலைத் துப்புரவு செய்வாள். இசைக்கருவி அலமாரியின் சாவியும் அவளிடம்தான். ஆறு மணிக்குப் போனேன். உள்ளே வேறு யாரும் இல்லை. முன்பெஞ்சில் பழைய நாளிதழை விரித்து, பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரி சாவி வேணும்மா."

"எங்க போற?"

"பத்து ஃபெரிங்கி. எட்டு மணிக்கு. ஹோட்டல் பேண்ட் ஒண்ணுல சேரப் போறேன். திருவிழாப் பாட்டுன்னு சொன்னது பொய்."

"தெரியும்," என்றாள், துடைப்பதை நிறுத்தாமல். "திருவிழாப் பாட்டு எனக்குத் தெரியாதாடா? இருவது வருஷமா இந்த பெஞ்சுலதான உக்காந்திருக்கேன்."

"தெரிஞ்சுதான் ஃபாதர்கிட்ட நேர்ச்சைன்னு சொன்னியா?"

ஒரு தண்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. அந்தத் தண்டுகளை எல்லாம் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. அப்போது அவள் பேசினாள்.

"ஆஸ்பத்திரில உன் கையத் துணில சுத்தி வச்சிருந்தாங்க. துணிய அவுக்கும்போது நீ மயக்கத்துல கெடந்த. உங்கப்பா வெளிய போயிட்டாரு. நான் பாத்தேன்." இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "எடுத்துட்டுப் போ. நான் புடிச்சு வைக்க மாட்டேன். அன்னம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லாத. என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது."

தடுத்திருந்தால் மீறிப் போயிருப்பேன். அலமாரியைத் திறந்தேன். பேஸின் தலையில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் கோயில் பெயரையும் ஓர் எண்ணையும் எழுதியிருந்தார்கள். பையில் போடுவதற்கு முன் சுருதி பார்த்துவிடலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி ஆறு நாற்பது. வெள்ளிக்கிழமை நெரிசலில் பத்து ஃபெரிங்கிக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். இப்போது எழுந்தால் சரியாக இருக்கும். சுருதி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டைவிரல் ஒரு தட்டு தட்டியது. ஒலிபெருக்கிப் பெட்டியோ மின்சாரமோ இல்லாமலே அந்தக் காலிக் கூடத்தில் ஒலி மேலே போய்த் திரும்பி வந்தது. இன்னொன்று. மேல்கம்பியை இழுத்துவிட்டேன். ஒரே சுரக்கட்டு. எதையும் அழுத்தவில்லை, பட்டதும் விலகியது விரல். மூன்று மாதத்தில் ஒருமுறைகூட இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை. இன்னும் ஒரு சுற்று, பிறகு எழுந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சுற்று முடிந்ததும் அதையே மறுபடியும் சொன்னேன்.

அம்மா பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்த என் கைப்பேசி அதிரத் தொடங்கியது. குகனாகத்தான் இருக்கும், எட்டு மணி நெருங்கியும் நான் வரவில்லையே என்று. நாளிதழின் மேல் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. விழப்போன நேரத்தில் அம்மா துணியைப் போட்டுவிட்டு அதைப் பிடித்தாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். பித்தளைக் கறை படிந்த உள்ளங்கையில் அது வெளிச்சம் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் நீட்டவில்லை, அணைக்கவும் இல்லை. அவள் பார்வை என் கட்டைவிரலிலேயே இருந்தது. நான் தட்டிக்கொண்டிருந்தேன்.