எக்ஸ்ரே மெஷினும் இரண்டு தங்கப் பற்களும்

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு 1974-ல் எக்ஸ்ரே மெஷின் வந்தபோது, அதற்கு முதல் மாலை போட்டவர் பெரிய கணக்குப்பிள்ளை அமிர்தநாதன். போட்டதோடு நிற்காமல் பேசவும் செய்தார்.

"கேமரா சட்டை வரைக்கும்தான் பாக்கும். இது சட்டை, தோலு, சதை எல்லாத்தையும் தாண்டிப் போயி உள்ள கிடக்கதைப் பாக்கும். பொய் சொல்லுதவன் நெஞ்சுல கறுப்பா ஒரு கோடு விழும். ஜாக்கிரதை."

பக்கத்தில் நின்ற எக்ஸ்ரேக்காரர் சுவக்கீன் இதை மறுக்கவில்லை. மதுரையில் பயிற்சி முடித்து வந்தவர். ஈயம் வைத்த கனத்த அங்கியைக் கழற்றாமலே டீக்கடைக்குப் போய் வருவார். நெஞ்சில் விழும் அந்தக் கறுப்புக் கோட்டால் இருவருக்குமே மரியாதை கூடியது.

மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. எஸ்டேட்டுக்கு இருந்ததே ஒரு ஜெனரேட்டர். பாக்டரியில் இலை உருட்டும் ரோலர்கள் ஓடும்போது எக்ஸ்ரே எடுத்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே படம் எடுக்க வேண்டுமென்றால் சங்கு ஊதி ரோலர்களை நிறுத்துவார்கள். யாருக்கு நெஞ்சு வலி என்பது மலை முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தோணியார் திருவிழாவுக்கு மறுநாள் காலை கணக்குப்பிள்ளையின் கட்டுப்பல்லைக் காணோம். முன்வரிசைக்கான இரண்டு பல், இரண்டுக்கும் தங்கக் கவசம், பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. ராத்திரி ஜன்னலோரம் டம்ளரில் போட்டு வைத்ததாகச் சொன்னார். அவர் மதுவிலக்குச் சபையின் தலைவர் என்பதால், அந்த டம்ளரில் அதற்கு முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் முன் வீடு கூட்ட வந்தவள் பூமாரி. ஆகவே எடுத்தவளும் பூமாரி.

"மத்தியானத்துக்குள்ள பல்லு வரணும். இல்லேன்னா பேரை வெட்டிருவேன்" என்றார். பல் இல்லாத ஓட்டை வழியே காற்று விசிலடித்தது.

எஸ்டேட் பதிவேட்டில் பேரை வெட்டினால் வேலை மட்டும் போகாது, வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் வீடும் போகும். அந்த ஒற்றை அறையை விட்டால் பூமாரிக்குத் தலை சாய்க்க இடமில்லை.

"நான் எடுக்கலங்கய்யா. உங்க பல்லை வச்சு நான் என்ன செய்ய? எனக்கு மாரியாத்தா குடுத்ததே வாய் நெறையக் கிடக்கு."

அவளுடைய அறையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். இல்லை. பாக்டரி வாசலில், மடியில் தேயிலைத் தூள் இருக்கிறதா என்று சாயங்காலம் ஆட்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தச் சோதனையிலேயே தலை நரைத்த கணக்குப்பிள்ளைக்கு, எக்ஸ்ரே மெஷினும் சம்பளமில்லாத ஒரு வாட்ச்மேனாகத்தான் தெரிந்தது.

"மடியில இல்லேன்னா முழுங்கியிருப்பா. எடுவே அவ வயித்தைப் படம்" என்றார் சுவக்கீனிடம்.

சங்கு ஊதியது. ரோலர்கள் நின்றன. வேலையில்லாமல் போன பாக்டரி ஆட்கள் மொத்தமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார்கள். மெஷின் முன்னால் நின்றால் ரத்தம் சுண்டிப்போகும் என்று லயத்தில் பேச்சு இருந்ததால், பூமாரி வாசற்படியைத் தாண்டவில்லை.

"நிக்கேன். ஆனா இது ஆளைக் கொல்லுமா, விடுமான்னு எனக்குத் தெரியாது. முதல்ல அய்யா நின்னு காட்டுங்க. உங்களுக்கு ஒன்னும் ஆகலேன்னா அடுத்து நான்."

"ஞாயந்தானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கணக்குப்பிள்ளையின் மனைவி கத்தரீனாளும் வந்திருந்தாள். "போயி நில்லுங்களேன். மாலை போட்ட மெஷினு, கடிக்கவா போவுது?"

மறுத்தால் பயந்ததாக ஆகிவிடும். கணக்குப்பிள்ளை உள்ளே போனார். வயிற்றுப் படம்தான் என்றாலும் தலையைச் சீவிக்கொண்டார்.

"மூச்சை நிறுத்துங்க சார்."

நிறுத்தினார். மீசையையும் ஒருமுறை முறுக்கிவிட்டு நிறுத்தினார்.

சுவக்கீன் இருட்டறையில் படத்தைக் கழுவி, நீர் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர், படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"கறுப்புக் கோடு எதுவும் விழுந்திருக்காங்கய்யா?" என்று கேட்டாள் பூமாரி.

"கோடு இல்ல. பல்லு."

தொப்புளுக்குச் சற்று மேலே, இரண்டு பல்லும் ஒரு கொக்கியும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. வயிற்றுக்குள் உட்கார்ந்து யாரோ எஸ்டேட்டைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. ஈரம் காய்வதற்குள் படம் கைமாறிக் கைமாறி வாசல் வரை போய்விட்டது.

"கறியை மெல்லாம முழுங்காதீகன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லுதேன்" என்றாள் கத்தரீனாள்.

"வாழைப்பழமா தின்னுக்கிட்டு இருங்க சார், தானா வந்துரும்" என்றார் சுவக்கீன். "ஆனா வரும்போது யாராச்சும் கவனிச்சு எடுக்கணும்."

எல்லோரும் பூமாரியைப் பார்த்தார்கள். பூமாரி கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கையில, நான் திருடலைன்னு எல்லாருக்கும் கேக்க நீங்க சொல்லணும்."

மறுநாள் பனியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவர் சொன்னார். விசில் காரணமாகப் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை சொன்னார். கூட்டம் கலைந்ததும், குரலைத் தணித்துக்கொண்டு பூமாரியின் பக்கத்தில் வந்தார்.

"அந்த... எடுக்கிற காரியம். வீட்டு வேலைக்கு வாரவ நீதானே."

"நான் அந்தப் பக்கமே வர மாட்டேங்கய்யா. தேடிக் கிடைக்கலேன்னு வைங்க, மறுபடியும் என்னையத்தானே மெஷின்ல நிறுத்துவீக?"

பேர் வெட்டப்படாத பூமாரி, தேயிலைக் கூடையை மாட்டிக்கொண்டு மற்ற பெண்களோடு மலை ஏறிவிட்டாள்.

அன்று மத்தியானம் பாக்டரிக்கு ஆள் வந்தது. கணக்குப்பிள்ளைக்கு அவசரமாக, தேயிலைத் தூள் சலிக்கும் பழைய சல்லடை ஒன்று வேண்டுமாம். சங்கு ஊதி ரோலரை நிறுத்தியதில் வந்த கோபம் இன்னும் ஆறாத, பாக்டரியை நடத்தும் டீமேக்கர், பொறுமையாகக் கேட்டனுப்பினார்:

"பொடித் தூளுக்கா, பெருந்தூளுக்கா?"