தெற்குக் காற்றில் திறந்த ஜன்னல்கள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. சீனாவின் குலாங்யூ தீவில், அந்தக் காலத்து வெளிநாட்டுக் கம்பெனிகள் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்றின் வாசலில் நான் நின்றிருந்தேன். அதில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர் கே யூஜென் அக்கா. கூட்டத்தில் வீட்டை ஆபத்தான கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால், மாதக் கடைசிக்குள் அவர் காலி செய்ய வேண்டும். கூட்ட அறிவிப்பில் கையெழுத்து வாங்க, கட்டடங்களைச் சோதிக்கும் எங்கள் ஆய்வகம் என்னை அனுப்பியிருந்தது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. உத்தரம் உளுத்துவிட்டது என்று எவன் எழுதியது என்று கேட்டார். அவரிடம் இருந்த ஆய்வறிக்கை நகலில் பெயர் இல்லை. ஆய்வகத்தில் நாங்கள் ஆறு பேர் என்று மட்டும் சொன்னேன்.

சின்னக் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் திட்டினார்.

"மார்ச்சுல தம்பிக்கு ஆபரேஷன்னு, ஆய்வுக்கு வர்றவங்களுக்குச் சாவியக் குடுத்துட்டு அக்கரைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா, எந்தக் கழுதையோ ஜன்னல் பூராத்தையும் திறந்து வச்சிருக்கு. தெக்குக் காத்தடிக்கிற நேரத்துல. செவுரெல்லாம் குளிச்சிட்டு வந்த மாதிரி ஒழுகுது. மூடி வைக்கணும்னு இங்க அஞ்சு வயசுப் புள்ளைக்கும் தெரியும்."

நான் வடக்கே, கடலே இல்லாத வறண்ட கான்சு மாகாணத்தில் வளர்ந்தவள். அங்கே ஈரம் போக ஜன்னலைத் திறப்போம். வெதுவெதுப்பான கடல் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

கோப்பையைக் கீழே வைத்தேன். மறுபடியும் அளக்க வேண்டும் என்றேன்.

பத்து நாளாக வடக்குக் காற்றுதான். சுவர்கள் காய்ந்திருந்தன. ஈரம் அளக்கும் கருவியின் நீண்ட ஊசிகளை உத்தரங்களுக்குள் மூன்று விரல் ஆழத்துக்கு அடித்து இறக்கினேன். மொத்தம் பன்னிரண்டு உத்தரங்கள். இருட்டுவதற்குள் ஒன்பது முடிந்தது, மறுநாள் காலையில் மீதி மூன்று. ஒரு வீட்டை மட்டும் அளந்தால் நம்ப மாட்டார்கள். அதே கம்பெனி அதே மரத்தில் கட்டிய வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று இப்போது காபிக் கடை. வாடிக்கையாளர் தலைக்கு மேல் சுத்தியல் அடிக்கக் கூடாதென்று கடைக்காரர் மறுத்தார். கடை மூடும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பூட்டிக் கிடந்த இன்னொன்றின் சாவிக்கு, வண்டியே ஓடாத அந்த மேட்டுச் சந்துகளில் கருவிப் பெட்டியோடு மூன்று முறை ஏறி இறங்கினேன். ஏணியின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டு வந்தார்.

"வடக்கத்திப் பொண்ணே, உன்ன விட இந்தப் பெட்டி அதிகமா பேசுது" என்றார்.

மூன்று வீட்டிலும் ஈரம் ஏறக்குறைய பதினான்கு விழுக்காடு. பழைய அறிக்கையில் இருபத்தொன்பது. அக்கா வீட்டில் ஒரே ஒரு உத்தரத்தின் ஒரு முனை மட்டும் உண்மையிலேயே உளுத்திருந்தது. அதையும் எழுதினேன்.

கூட்டத்தில் ஏழு அதிகாரிகள். தலைவர் சுவாங் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் சரியாக இருக்க முடியாது, முதலில் அளந்தவரே தவறென்று ஒப்புக்கொண்டால் ஒழிய பழையதுதான் செல்லும் என்றார்.

"அவன் எங்க வரப்போறான்" என்று அக்கா என் காதோரம் முணுமுணுத்தார்.

எழுந்தேன். தலைவரைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அக்கா பக்கம் திரும்பினேன்.

"ஜன்னலத் திறந்து வச்சது நான்தான்க்கா. அந்த முதல் அறிக்கைய எழுதுனதும் நான்தான்."