அண்ணி பக்கம் திருப்புங்க

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தரத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நாலு மணி இறுதி ஆட்டத்துக்குச் சரியாகப் பத்து நிமிடம் முன்னால் போனது தற்செயல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் புது டிவி வந்து மூன்று நாள். பந்தாட்டக்காரனின் மூக்கு முடியைக்கூட எண்ணலாம். சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதற்காக, ஸ்பீக்கர்களைப் பாடவைக்கும் தன் இருபத்தைந்து வயது ரிசீவரைப் பரணிலிருந்து இறக்கியிருந்தார் மனுஷன். ஆட்டம் தொடங்குவதற்குள் அது பாடாவிட்டால் பழைய சாமான்காரரிடம் போய்விடும் என்பது மனைவியின் தீர்ப்பு. சாமான்காரரின் வண்டியும் வாசலில் நின்றது.

"வாங்கக்கா. ஏணிய யாரும் கேக்கலையே" என்றாள் அவள்.

"நானாத்தான் நினைச்சேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

டிவிக்கும் ரிசீவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஓட்டை. வெளிச்சமாகச் சத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய ஒயர் ஒன்றை அதில் செருகியிருந்தார். கடைக்காரர் எழுதித் தந்தபடி டிவியின் சத்த அமைப்பை பி.சி.எம். என்றும் மாற்றியாயிற்று. ரிசீவரின் குமிழை 'டிவி'யில் வைத்து வால்யூமைக் கடைசிவரை திருகினார். மூச்சுப் பேச்சில்லை.

"ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் ஏத்தி இறக்குறாரு" என்றாள் மனைவி என்னிடம். "இது ஏற மாட்டேங்குது."

டார்ச்சை வாங்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. "ஒயர் போற ஓட்டைக்கு மேல சி.டி.ன்னு போட்டிருக்கே, தம்பி."

முன்பக்கக் குமிழில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. அவர் கைப்பட ஒட்டிய சீட்டுகள்தான்: ரேடியோ, டேப், டிவி. நாலாவதைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது. 'அண்ணி.'

அவருடைய அண்ணன் மனைவி அன்பளிப்பாகக் கொடுத்த சி.டி. பிளேயரின் இடம் அது. அந்த ஓரகத்தியோடு இவளுக்குப் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். பிளேயர் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு அந்தக் குமிழை அந்தப் பக்கம் திருப்பிய கை இந்த வீட்டில் இல்லை.

இப்போதும் அவர் விரல் 'டிவி'யிலேயே நின்றது. திரையில் ஆட்டக்காரர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான்காரர் வாசலிலிருந்து கழுத்தை நீட்டினார்.

"என்னங்க யோசிக்கிறீங்க?" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "அண்ணி பக்கம் திருப்புங்க."

திருப்பினார்.

அம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் விழுந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கையிலிருந்த டார்ச் கீழே போனது. வால்யூம் கடைசியில் இருப்பது யாருக்கு ஞாபகம்?

காதைப் பொத்திக்கொண்டு, அவர் சத்தத்தைக் குறைக்கும்வரை காத்திருந்து, அவள் சொன்னாள்: "பாத்தீங்களாக்கா? வந்ததும் வராததுமா என்ன கத்து கத்துறாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மெக்கானிக் முகத்தில் பல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப பெட்டி கிடையாதாம்மா?" என்றார் பழைய சாமான்காரர்.

"அது இங்கதான் இருக்கும். நீங்க செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

போகும்போது ஏணியை மறுபடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சீட்டை அவள் கிழிக்கிறாளா என்று நாளைக்குப் பார்க்க வேண்டாமா?