தூக்குவாளியில் பார்லிச் சாறு

அண்டாவில் சாறு நாலு விரல் இறங்கியிருந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு சமையலறைக்கு வந்த வீரபாண்டி அதைப் பார்த்ததும் அப்படியே நின்றான். தரையில் கசிவு இல்லை. அண்டாவின் விளிம்பில் மட்டும் ஒரு ஏலக்காய்த் தோல் ஒட்டியிருந்தது.

காலையிலிருந்து அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை. பேசாமலிருப்பது அவனுக்குப் பழக்கம். அமீரகத்தின் புஜைரா எண்ணெய்க் கிடங்கில் தொட்டிகளின் மேல் தனியாக நின்று வெப்பம் அளக்கிற வேலை அதை இன்னும் வளர்த்துவிட்டிருந்தது. கூட வேலைபார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஊர் திரும்பும்போது முளைகட்டி உலர்த்திய பார்லி ஒரு மூட்டை, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட் பொட்டலம் எல்லாவற்றையும் இவனிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். இந்த வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. உமி தூளாகிவிடாமல் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பார்லியை உடைத்தான். தொட்டி அளக்கிற வெப்பமானியை வைத்துப் பார்த்து, கைபொறுக்காத சூட்டில் நீரூற்றி, கம்பளியால் சுற்றி வைத்தான். மூடியைத் திறந்தபோது எழுந்த வாசனையில், சுடச்சுட ரொட்டி அடுக்கிய கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மாவுத் தண்ணீர் தேனாக மாறியிருந்தது. வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு சொட்டு நாக்கில் விட்டவன், தனியாக நின்றே சிரித்தான். இனி ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சேர்ந்தால்தான் அது பீர். அதுவரை வெறும் இனிப்பு நீர்.

மனைவி உமாராணியிடம் அவன் இதெல்லாம் சொல்லவில்லை. அவள் கேட்டபோது, "பார்லி காய்ச்சுறேன்" என்றான். அவ்வளவுதான்.

"மெஹர்பானு அக்கா தூக்கு வந்துருந்துச்சுல்ல" என்றாள் அவள் இப்போது. "அடுப்பு பூரா ஒங்க அண்டா. வெறும் தூக்கையா திருப்பிக் குடுக்குறது? கஞ்சித் தண்ணிதானேன்னு ஏலக்கா தட்டிப் போட்டு ஊத்திக் குடுத்தேன்."

நோன்பு தொடங்கியதிலிருந்து எதிர்வீட்டு மெஹர்பானு தினமும் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி அனுப்பிக்கொண்டிருந்தாள். உமாராணி இந்த ஊருக்கு வந்த புதிதில், பேச்சுத்துணையில்லாமல் பால்கனியில் அழுதுகொண்டு நின்றவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனவளும் அவள்தான். உண்மையைச் சொல்லி அந்த ஒரு கதவும் மூடிக்கொண்டால் உமாராணி மறுபடி பால்கனிக்குத்தான் போவாள். சொல்லாமல் விட்டாலோ ஒன்றுமே ஆகாது, யாருக்கும் தெரியாது. ஆனால் பகலெல்லாம் பச்சைத்தண்ணீர் பல்லில் படாத ஒரு மனிதர், எதற்காகக் காய்ச்சியதென்று தெரியாமல் அதைக் குடிப்பதை வீரபாண்டியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. துண்டோடு எதிர்வீட்டுக்கு ஓடினான்.

விரிப்பில் பேரீச்சம்பழத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் மெஹர்பானுவின் கணவர் கலீலுர் ரஹ்மான். கீழே பலசரக்குக் கடை அவருடையது. பக்கத்திலேயே டம்ளர்களில் பொன்னிறமாக ஊற்றி வைத்திருந்தார்கள்.

"என்னா பாண்டி, தலையக்கூடத் தொவட்டாம வர்றே?"

"அதக் குடிக்காதீங்க பாய். அவளுக்குத் தெரியாது. பீர் போடுறதுக்குன்னு வச்சிருந்தேன்."

கலீலுர் ரஹ்மான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுத்து முகர்ந்தார், கீழே வைத்தார். மௌனத்தை இத்தனை நாள் தன் சொந்த வீடுபோல நினைத்திருந்த வீரபாண்டிக்கு, இன்னொருவரின் மௌனத்துக்குள் நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஈஸ்ட் போட்டாச்சா?"

"இல்ல பாய். பிரிஜ்ஜுலதான் கெடக்கு."

"நம்ம கடையில டின்னுல விக்கிறேனே மால்ட்டுத் தண்ணி, அதானேப்பா இது." அவர் குரலில் சிரிப்பு முட்டியது. "ரெண்டு வருசமா ஒன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை புடுங்கப் பாக்குறேன். கடைசியில நோம்புக்காரன் வாய்க்கிட்ட வந்துதான் பேசுற."

உள்ளேயிருந்து மெஹர்பானுவின் குரல் வந்தது. "ஏலக்கா போட்டுப் பீர் காச்சுறது எந்த ஊர்லண்ணே?"

பாங்கு கேட்டது. அவர் பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, பிறகு அந்த டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

வீரபாண்டி வீட்டுக்கு வந்தபோது தாழ்வாரத்தில் செய்தி அவனை முந்திக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து யாரோ சாறு வாங்கச் செம்போடு இறங்கினார்கள். உமாராணி கரண்டியோடு அண்டாவை எட்ட முடியாமல் குதிகால் தூக்கி நின்றாள். விஷயம் தெரிந்துபோன வெட்கமும் சிரிப்புமாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு நிமிடம் ஹாப்ஸ் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு அண்டாவை இரண்டு கைகளாலும் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் வழியே வந்த தெருவிளக்கின் வெளிச்சம் அந்தச் சாற்றின்மேல் விழுந்து, ஆடி ஆடி, அவள் கழுத்துவரை ஏறியது.