போர்டில் உள்ளபடி

மின்வாரிய அறிவிப்பு முதல்நாள் மாலையில்தான் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை நான்கு வரை மின்சாரம் இருக்காது. என் நேர்காணல் வியாழக்கிழமை இரண்டரைக்கு.

வஹீதாவுக்கு போன் செய்தேன்.

"எங்க வீட்டுக்கு வந்துடுடி," என்றாள். "தென்னூர்ல கரண்ட் இருக்கும். அத்தா கடைக்குப் போயிடுவாங்க. மிக்ஸியை ரெண்டு மணிக்கே ஒளிச்சு வச்சுடறேன்."

நாங்கள் இருவரும் கணினி அறிவியல் இறுதியாண்டு. கல்லூரிக்கு வந்த நிறுவனங்கள் வகுப்பில் முப்பது பேரை எடுத்திருந்தன. வஹீதா அதில் ஒருத்தி. ஜூனில் சென்னையில் சேரவேண்டும். நான் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தில் ஒரு சிறு நிறுவனம். கால்வாய் மதகுகளைத் திறந்து மூடும் மென்பொருள் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பார்கள். மூன்று சுற்று. இரண்டைத் தாண்டியிருந்தேன்.

எட்டு மாதத் தயாரிப்பு. கல்லூரிப் பேருந்தில் போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்குப் போய் மதகுகளைக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஷட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி தருபவர் சிவசங்கர் சார். மாதிரி நேர்காணல் ஒன்பது முறை நடத்தினார். ஒன்பது முறையும் கடைசியில் ஒன்றையே சொன்னார்.

"எதிர்ல இருக்கறவங்க தப்பாவே சொன்னாலும் தலையாட்டணும்மா. முதல்ல வேலையை வாங்கு. அப்புறம் திருத்திக்கலாம்."

வியாழக்கிழமை வஹீதா வீட்டு நடு அறையில் உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரை அவள் கழற்றிவிட்டாள். அதன் படபடப்பு மைக்கில் கேட்குமாம்.

திரையில் மரீக்கா என்ற பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னால் சுவரில் ஒரு சைக்கிள் தொங்கியது. மேடம் என்றேன். பெயர் சொன்னால் போதும் என்றார். சரி மேடம் என்றேன்.

வேலை எளியது. ஒரு கால்வாயின் இருபத்து நான்கு மணிநேர நீர்மட்டம் கொடுக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சராசரி எடுக்கும் பகுதியை அவர் எழுதுவார். எப்போது மதகு திறக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதி என்னுடையது. ஒரே திரையில் இருவரும் எழுதவேண்டும்.

அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது வரியில் எண்ணிக்கை சுழியில், அதாவது பூஜ்யத்தில், தொடங்கவேண்டும். ஒன்றில் தொடங்கினார். நள்ளிரவின் அளவு விடுபட்டுப்போகும். பத்தொன்பதாவது வரியில் இன்னொன்று. நீர்மட்டம் அளக்கும் கருவி பழுதான மணிநேரத்துக்குச் சுழி என்று பதிவாகியிருந்தது. அந்தச் சுழியையும் சேர்த்துச் சராசரி எடுத்தார். நீர்மட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மதகு தாமதமாகத் திறக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் இது வாரம் ஒருமுறை நடக்கும். பீமராவ் சார் போர்டில் நிரலை எழுதுவார். அதில் பிழை இருக்கும். ரெக்கார்டு நோட்டில் பிழையோடு எழுதவேண்டும். மாற்றி எழுதினால் கையெழுத்துப் போடமாட்டார். கணினியில் மட்டும் சத்தமில்லாமல் திருத்தி ஓட்டிக்காட்டவேண்டும். நான்கு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறோம். என்னைவிட வேகமாக அதைச் செய்பவர் வகுப்பில் யாரும் இல்லை.

"சரியாக இருக்கிறது மேடம்," என்றேன்.

என் பகுதியில் முதல் அளவைத் தனியாக எடுத்தேன். கருவி பழுதான மணிநேரங்களை நீக்கிச் சராசரியை மறுபடி கணக்கிட்டேன். நிரல் முதல் ஓட்டத்திலேயே சரியான விடை தந்தது. மரீக்கா நன்றி சொன்னார். வஹீதா உள்ளேயிருந்து வந்து மிக்ஸியைப் பழைய இடத்தில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மரீக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

பதினோராவது வரியில் நான் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தேன், நீங்கள் அதைக் கண்டுபிடித்தீர்கள், என்று எழுதியிருந்தார். உங்கள் பகுதியில் அதைச் சரிக்கட்டியும் விட்டீர்கள். கேட்டபோதும் சொல்லவில்லை. பிழையைக் காணாதவருக்கு எங்களால் கற்றுக்கொடுக்க முடியும். கண்டும் சொல்லாதவரோடு மதகு வேலை செய்ய முடியாது. கீழே ஒரு சிறு குறிப்பும் இருந்தது: சராசரியை இரண்டாம் முறை கணக்கிட்டது தேவையற்ற வேலை.

அந்தக் குறிப்பை நான்கு முறை படித்தேன்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வேலை முடிந்து வந்தவரிடம் கிடைக்கவில்லை என்றேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"புரோகிராம் ஓடலியா?"

"ஓடுச்சுப்பா."

"பின்ன என்னவாம்?"

"அவங்க தப்பை நான் சொல்லலையாம்."

அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். "எங்க ஷாப்புல டிராயிங் தப்பா வந்தா அரத்தால ராவி மாட்டிட்டுப் போயிடுவோம். யாரு போய் ஆபீசர்கிட்ட நிக்கறது?" என்றார். பிறகு, "பொல்லாதவளா இருப்பா போல," என்றார்.

"பொல்லாதவங்க இல்லப்பா."

"அப்ப உனக்கு வேலை குடுத்திருக்கணும்ல."

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கேயே இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

வஹீதாவிடம் போனில் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

"பத்தொன்பதாவது வரி அவங்களுக்கே தெரியாதுடி," என்றேன். "அது வச்ச தப்பில்ல. நிஜத் தப்பு."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது?"

"தேவையில்லாத வேலைன்னு எழுதியிருக்காங்க."

"அதான் கடுப்பா உனக்கு? வேலை போனதைவிட?"

இரண்டும்தான். போனை வைத்துவிட்டு எழுதத் தொடங்கினேன். அன்புள்ள மேடம், தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும். மன்னிக்கவும் என்பதை அழித்தேன். தொந்தரவையும் அழித்தேன். மேடத்தை அழிக்க அதிக நேரம் ஆனது. கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. பத்தொன்பதாவது வரியில் பிழை இருக்கிறது, பழுதான கருவியின் சுழிகள் சராசரியைக் குறைக்கின்றன, அதனால்தான் மறுபடி கணக்கிட்டேன், அன்றே பார்த்தேன். பெயரைப் போட்டு அனுப்பினேன். இளவேனில்.

மூன்று நாள் பதில் இல்லை. அதுவரை நூறு முறை போனை எடுத்துப் பார்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் இருந்தபோது வந்தது. நீங்கள் சொன்னது சரி. இந்தத் தேர்வை இரண்டு ஆண்டுகளாக நடத்துகிறோம், இதை யாரும் சொன்னதில்லை. திருத்திவிட்டோம், நன்றி. இந்த ஆண்டுக்கான இரண்டு இடங்களும் திங்கட்கிழமையே நிரம்பிவிட்டன.

திங்கட்கிழமை. எனக்கு முதல் மின்னஞ்சல் வருவதற்கும் முந்தின நாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பீமராவ் சார் போர்டில் எழுதி முடித்து சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைய நிரல், ஒரு பட்டியலில் பெயரைத் தேடுவது. ஏழாவது வரியில் கடைசிப் பெயரைத் தேடாமலே நின்றுவிடும்.

எழுந்தேன்.

"சார், ஏழாவது வரில தப்பு இருக்கு."

அறுபது பேரும் திரும்பினார்கள். பின்வரிசையில் யாரோ, "அம்மா ஃபாரின் போறாங்கல்ல," என்றான். சிரிப்பு எழுந்தது.

பீமராவ் சார் போர்டைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்மா," என்றார். கோபம் இல்லை. "ஆறு வருஷமா இருக்கு. மேனுவல்ல அப்படி அச்சாயிடுச்சு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தா மேனுவலை வச்சுத்தான் சரிபார்ப்பாரு. நான் மாத்தினா உங்க எல்லாருக்கும் மார்க் போயிடும். உட்காரு."

நின்றுகொண்டிருந்தேன்.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா சார்?"

"யார்கிட்ட?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

வஹீதா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அவள் ஏழாவதைப் போர்டில் உள்ளபடி எழுதிவிட்டு ஒன்பதாவது வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.