கடல் பார்த்த நிலம்

இந்தியாவிலிருந்து திரும்பி வந்த மறுநாளே பழனியாண்டி சேவலை அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னான். அவன் மனைவி வேலாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்பனுக்குக் கருமாதி பண்ணப் போனவன் வந்து விருந்து வைக்கிறதா? லயத்துல சிரிக்க மாட்டாங்க?"

"கருமாதி முடிஞ்சிருச்சு. இது வேற. நெலம் வாங்கியிருக்கேன்டி."

துண்டின் முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து ஒரு தட்டில் கொட்டினான். வெள்ளை மணல். இந்தியாவில் சொந்த ஊரில் நிலம் வாங்கியவன் அந்த மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து வீடு வீடாகக் காட்டி, எல்லோருக்கும் சோறு போட வேண்டும் என்பது பத்து வீடு ஒரே வரிசையாக நின்ற அந்தத் தோட்டத்து லயத்தின் வழக்கம். வேலாயிக்கு நினைவு தெரிந்து அப்படி மண் காட்டியவர்கள் இரண்டு பேர்தான். இருவரும் கங்காணிகள். பழனியாண்டியைப் போலத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள் காட்டியதில்லை.

"தொண்டிக்குத் தெக்கால, கடல் ஓரத்துல அரை ஏக்கரா. தம்பிதான் பேசி முடிச்சான். ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். தேங்கா ஒண்ணு விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்கும். அப்படி ஒரு நெலத்த நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. அவளுடைய முப்பத்தெட்டு வயதும் றொசல்லைக்கு மேலே இந்தச் சரிவிலேயே கழிந்திருந்தது. ஆனால் அடுத்த மாதம் அட்டனில் விசாரணை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இலங்கைப் பிரஜா உரிமை கேட்டு அவர்கள் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தியாவில் காணி பூமி உண்டா என்று விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள். உண்டு என்று சொன்ன குடும்பங்களின் மனுக்கள் தள்ளுபடியான கதை எல்லாத் தோட்டத்திலும் பரவியிருந்தது. தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்த சின்னத்தம்பி வீட்டுக்கே அப்படி ஆனது.

அவள் மகள் மீனம்மா கீழ் லயத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு உரிமை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வேலாயிக்குக் கிடைக்காவிட்டால் என்றாவது ஒரு நாள் அவளைக் கப்பலேற்றுவார்கள். மீனம்மா இங்கே நிற்பாள்.

"இந்த நாட்டுலதான் சாவோம்னு எழுதிக் குடுத்துட்டு, அங்க போயி நெலம் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே, புத்தி இருக்கா?"

"சாவுறத இங்கயே சாவுறேன். நெலம் பாட்டுக்கு அங்க கெடக்கட்டும். உன்னயா கடிக்குது?"

"உங்களுக்குத்தான் ஊரு. எனக்கு அது அந்நிய நாடு. நான் கப்பல்ல கால் வச்சதில்ல, வைக்கவும் மாட்டேன்."

அவன் காதில் வாங்கவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு பத்து வீட்டுக்கும் போனான். சேவலையும் அவனே அறுத்தான். லயமே வந்து சாப்பிட்டது. வேலாயி மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும், தட்டு போன வழியிலேயே அவளும் வீடு வீடாகப் போனாள். யார் கேட்டாலும் நிலம் என்று ஒரு வார்த்தை வெளியே வரக்கூடாது என்றாள். சில இடங்களில் கெஞ்சினாள், சில இடங்களில் மிரட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வீடு ராக்காயியுடையது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் குடத்தை யார் முதலில் வைப்பது என்று இருவருக்கும் ஏழு வருடமாகச் சண்டை.

"வாங்க வாங்க, கடக்கரைச் சீமாட்டி. எங்க வாசப்படியெல்லாம் இன்னும் கண்ணுக்குத் தெரியுதா?"

"வாய மூடிக்கிட்டு இரு ராக்காயி. அதுக்குத்தான் வந்தேன்."

"மூடுறதுக்கு எனக்கு என்ன கெடைக்கும்?"

"என்ன வேணும்?"

"பீலியில என் கொடந்தான் முதல்ல. என் கொடம் வர்ற வரைக்கும் நீ நிக்கணும். மழையா இருந்தாலும் நிக்கணும்."

வேலாயி அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு அறை விட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. "சரி" என்றாள்.

புருஷனோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றுத் தட்டைத் தரையில் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். விசாரணைக்கு முதல் நாள் மட்டும் வாயைத் திறந்தாள்.

"காணி இருக்கான்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"இல்லன்னு சொல்றேன். விடு."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"இல்ல, இல்ல, இல்ல! போதுமா?"

அட்டனில் விசாரணை நடந்த அறை சிறியது. மேசைக்குப் பின்னால் சிங்கள அதிகாரி ஒருவர், பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு உதவியாளர். முறைக்குக் காத்திருந்தவர்கள் பல தோட்டங்களிலிருந்தும் வந்து சுவரோரமாக நின்றார்கள். பிறந்த இடம், வேலை, பிள்ளைகள் என்று கேள்விகள் ஒழுங்காகப் போயின. பழனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

"இந்தியாவில் காணி பூமி ஏதும் உண்டா?"

"இல்லைங்க."

வேலாயி மூச்சை விட்டாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே உதவியாளரிடம் சிங்களத்தில் மெல்லச் சொன்னார்: பாவம், இவர்களுக்கு ஏது காணி, படுக்கிற இடமும் தோட்டத்துடையது. அதைச் சொன்ன குரலில் கேலி இல்லை. உண்மையாகவே இரக்கப்பட்டார்.

பழனியாண்டிக்குச் சிங்களம் தெரியும். கங்காணியின் கெட்ட வார்த்தைகளையும் துரையின் பூட்ஸ் காலையும் முப்பது வருடமாக முகம் மாறாமல் தாங்கியவன் அவன். இதைத் தாங்கவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"இருக்குங்க மாத்தயா" என்றான். "அரை ஏக்கரா. கடலப் பாத்த நெலம். என் சொந்த நெலம்."

உதவியாளர் வாயைப் பிளந்துவிட்டு அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்திரம் எங்கே?"

"ஊர்ல, தம்பிகிட்ட இருக்குங்க."

அதற்குள் வேலாயி மேசைக்கு முன்னால் வந்திருந்தாள்.

"பாத்தீங்களா மாத்தயா, ஒரு காயிதம்கூட இல்ல! இந்த ஆளு சொல்றத எழுதிராதீங்க. வாயத் தொறந்தா புளுகுதான். அப்பன் செத்ததுக்கு இந்தியா போயிட்டு வந்தாரு, அன்னையிலேருந்து இப்படித்தான் ஒளறுறாரு. போன மாசம் கப்பலே தன்னோடதுன்னு சொன்னாரு. சட்டையில பித்தான் இருக்கான்னு பாருங்க, இவருக்குக் கடக்கரையில நெலமாம்!"

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். உதவியாளர் கப்பல் கதையைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரியும் சிரித்துவிட்டார். பழனியாண்டி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் அவனை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

"உன் மனைவி சொல்வது உண்மையா?"

அவிழ்ந்த கையை அவன் மறுபடி கட்டிக்கொண்டான். வேலாயி அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை.

"அவ சொல்றதுதாங்க."

"முழுசாகச் சொல்."

"எனக்கு நெலம் இல்லைங்க. சும்மா சொன்னேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

றொசல்லைக்குத் திரும்பும் ரயிலில் அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

சுவரோரம் சிரித்தவர்கள் அந்தக் கதையைத் தங்கள் தங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். திம்புள்ள வரைக்கும் அது போனதாகச் சொன்னார்கள். "கப்பக்காரரே, அடுத்த கப்பல் எப்போ?" என்று சந்தையில் இளவட்டங்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மண்ணைக் கண்ணால் பார்த்து, குழம்பையும் சாப்பிட்ட பத்து வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுத்துச் சொன்னால் மனு போய்விடும். வேலாயியிடம் யாராவது கேட்டால், ஆமாம், பெரிய புளுகன் என்று அவளும் சிரித்தாள். அவன் பக்கத்தில் நிற்கும்போதும் அப்படியே சிரித்தாள்.

அடுத்த வருடம் உரிமை கிடைத்தது. மீனம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பழனியாண்டி சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு வந்து, கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான்.

மறுநாள் விடிகாலையில் வேலாயி தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்தாள். கையில் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இனிமே யாருக்குப் பயப்படணும்? தம்பிக்கு எழுதிப் போடுங்க. அந்த நெலத்துல நாலு தென்ன வைக்கட்டும்."

"எந்த நெலம்?"

"தொண்டி நெலந்தாங்க."

அவன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான்.

"அது எவனோ ஒரு புளுகன் சொன்ன கதை" என்றான். "தள்ளு. பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிடப் போறாங்க."