மூன்று வீட்டு மெயின் ஸ்விட்ச்

எங்கள் கல்லூரிப் பேருந்து எங்கே வருகிறது என்பது கடவுளுக்கும் ஓட்டுநருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அதை எல்லோருக்கும் தெரிவிக்க நானும் ஜோஷ்வாவும் ஹரிப்ரியாவும் ஓர் இணையதளம் செய்தோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட். முதல் ரிவ்யூவில், தேர்வாளர் பிரதீபா மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது படுத்துவிட்டது.

"ஒரு மெஷின் போனா மொத்தமும் போகுமா? அடுத்த தடவையும் விழுந்துச்சுன்னா அடுத்த வருஷம் வாங்க."

எனக்கும் ஹரிப்ரியாவுக்கும் அடுத்த வருஷம் என்பது வெறும் அவமானம். ஜோஷ்வாவுக்கு சிறுசேரியில் வேலை காத்திருந்தது. ஜூனில் பட்டத்தோடு போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே விழாத ஒன்றைக் கட்டினோம். பேட்டரி செத்த மூன்று பழைய லேப்டாப்கள், மூன்று வீடுகள்: கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் என் வீடு, சிங்கப்பெருமாள் கோயிலில் ஹரிப்ரியா வீடு, சதுரங்கப்பட்டினத்தில் ஜோஷ்வா வீடு. ஒரே தளத்தின் மூன்று பிரதிகள்; இரண்டு போனாலும் மிச்சம் ஒன்று போதும். மூன்றுக்கும் வேறு வேறு டிரான்ஸ்ஃபார்மர், வேறு வேறு இன்டர்நெட் கம்பெனி. புயல், எலி, உப்புக்காற்று, மின்வாரியம் என எல்லா எதிரிகளையும் யோசித்தாயிற்று. மூன்றும் ஒன்றாக அணைய வாய்ப்பே இல்லை என்று அறிக்கையில் எழுதியவன் நான்.

இரண்டாவது ரிவ்யூவுக்குப் பெற்றோரையும் அழைக்கலாமே என்று கல்லூரி முதல்வருக்குத் தோன்றியது.

செமினார் ஹாலில் எங்கள் திரையில், வீட்டுக்கு ஒன்றாக மூன்று பச்சைப் புள்ளிகள். மேடம் எங்களுக்கு முந்தைய குழுக்களை ஒவ்வொன்றாக வறுத்துக்கொண்டிருந்தார். ஜோஷ்வா உட்கார்ந்தான், எழுந்தான், திரையைத் தொட்டுப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். அப்போது என் வீட்டுப் புள்ளி சிவந்தது. தளம் அசராமல் ஓடியது.

"பாத்தியா? இதுக்குத்தான் மூணு" என்றேன்.

என் அம்மா போனில் வந்தார். "கிளம்பிட்டோம்டா. கேஸ், மெயின் எல்லாம் அணைச்சாச்சு."

"சரிம்மா" என்று வைத்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஹரிப்ரியாவுக்கு உறைத்தது. தன் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது புள்ளியும் சிவந்தது.

"டேய், மூணு வீட்லயும் இங்கதான் வர்றாங்க. வெளிய கிளம்புறப்போ மெயின அணைக்காத வீடு எதுடா?"

ஜோஷ்வா அதற்குள் அவன் அம்மா மார்கரெட்டை அழைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"செருப்பு மாட்டிகினு கீறேன்டா. பஸ்ஸு வர்ற டைமு."

"மா, மெயின மட்டும் ஆஃப் பண்ணாத."

"இன்னாடா பேசற? ஆளில்லாத வூட்ல கரண்ட்ட வுட்டுட்டு வரவா? போன வருசம் பக்கத்துல ரெஜினா வூடு கரண்ட்டால எப்பிடி எரிஞ்சிது? நீதான வாளி வாளியா தண்ணி ஊத்துன?"

"மா... அது அணைஞ்சா நான் ஃபெயிலு."

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது.

"பட்டுப்பொடவ கட்டிகினு கம்ப்யூட்டருக்குக் காவல் குந்திகினு கீறேன். சீக்கிரம் முடி. போன வெச்சிடாத."

மேடம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் என் அம்மாவும் ஹரிப்ரியாவின் அம்மாவும் வியர்வையைத் துடைத்தபடி முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார்கள்.

"எங்க, ஒண்ண அணைச்சுக் காட்டுங்க" என்றார் மேடம்.

"ரெண்டு ஏற்கெனவே அணைஞ்சிருக்கு மேடம்."

"யாரு அணைச்சது?"

நான் முன்வரிசையைக் காட்டினேன். அம்மா கையசைத்தார்.

மேடம் சிரிக்கவில்லை. தளத்தைத் திறந்து பார்த்தார். பேருந்து திருவிடந்தையில் நின்றிருந்தது. ஒவ்வொரு கேள்வியாக நிதானமாகக் கேட்டார். ஜோஷ்வா காலை மாற்றி மாற்றி நின்று பதில் சொன்னான்.

"முடிஞ்சிதா?" என்றது அவன் சட்டைப்பை.

மேடம் நிமிர்ந்தார். "யாரு?"

"மூணாவது சர்வர் மேடம்" என்றேன்.

அவர் சட்டைப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "பாஸ். வீட்டுக்கு வெளிய எங்கயாவது ஒண்ணு வைங்க இனிமே."

ஜோஷ்வா போனை வாயருகே கொண்டுபோனான். "முடிஞ்சிதும்மா. நீ வா."

மூன்றாவது புள்ளியும் சிவந்தது.

மார்கரெட் வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடா நீ பண்ணது?"

ஜோஷ்வா திரையைக் காட்டினான். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று அதில் இருந்தது. அவர் முழுவதும் படித்தார். மகனைப் பார்த்தார்.

"இதுக்கா பாஸு போட்டாங்க?"

"ஆமாம்மா."

அவர் அவன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். "சத்தமா சொல்லாத. மாத்திடப் போறாங்க, வா."